யானை இறந்தாலும் ஆயிரம் பொன்

(உதகையில் பணி ஓய்வு பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கொட்டும் மழையில் குன்னூரிலிருந்து பஸ் பிடித்து வந்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சால்வைக்குப் பதில் புத்தகம் தந்த நூலகர் அவர்களே (இந்தக் குளிருக்குச் சால்வையே தேவலை என்கிறார் என் வீட்டம்மா), எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன்: மினி கம்ப்யூட்டர், அதன் நினைவகம், அப்புறம் மலை ஈரத்தில், துளை போட்டுப் புரோகிராம் பதிந்து வைக்கும் காகித நாடா பட்ட பாடு.

பேர்தான் மினி, ஆள் பீரோ உயரம். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கம்பெனி 1970-இல் கொண்டுவந்த பிடிபி-11. எழுபதுகளின் கடைசியில் நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். அதன் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1-க்கும், கடுகைவிடச் சின்னதாய் ஒரு ஃபெரைட் காந்த வளையம், அதற்குள் கம்பி கோத்திருக்கும். ஜூன் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் நினைவில் இருந்தது அப்படியே இருக்கும். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது அதுதான்!

ஆனால் நாம் எழுதின புரோகிராம் தறிகெட்டு ஓடினால் நாடாவைப் படிக்கச் சொல்லித்தரும் லோடரையே அழித்துவிடும். அப்புறம் அந்த லோடரின் 14 வரியையும் முன்பலகை ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி நாமேதான் ஏற்ற வேண்டும். ஒரு ராத்திரி மூன்று தடவை ஏற்றிவிட்டேன், நாடா அசையவே இல்லை, விரலெல்லாம் விறைத்துப்போச்சு. கதவோரம் கம்பளி போர்த்திக்கொண்டு நின்ற வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "தம்பி, கடைசி வரியில எட்டு ஸ்விட்ச் வரிசையா மேல நிக்கும். நீங்க ஏழுதான் தூக்கியிருக்கீங்க." எண்ணிப் பார்த்தேன், ஏழுதான்! எட்டாவதைத் தூக்கினதும் நாடா சரசரவென்று ஓடியது. "எப்படிண்ணே?" என்றேன். "தினம் பாக்கறேனே, கோலத்துல ஒரு புள்ளி விட்டா தெரியாதா?" என்றார்.

அந்த மெஷினைப் பின்னாளில் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். யானையை எடைக்குப் போடுவார்களா ஐயா?

முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி நிற்கிற ஊர் இது. பழைய கருவிகளை வைக்க இங்கே ஓர் அறை கிடையாதா? ஓர் அறை கொடுங்கள் அம்மா, ஒழுகினாலும் சரி, ஓடு நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். மனு வாசலில் டீ மேசைமேல் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.

காகித நாடா பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் அம்மா கடிகாரம் பார்க்கிறார். நன்றி, வணக்கம்.