அந்தச் சான்றிதழ் கோப்பை கன்டெய்னருக்கு உள்ளே விட்டுவிடாதீர்கள்

வணக்கம். திரையில் ஒரு டாக்கர் கம்போஸ் கோப்பு தெரிகிறது, பாருங்கள். எந்தெந்தக் கன்டெய்னர்களை, அதாவது ஆப்கள் ஓடும் தனித்தனிப் பெட்டிகளை, சேர்த்து ஓட்டுவது என்று அதில்தான் எழுதுவோம். மூன்று வெப் ஆப்கள், அவற்றுக்கு முன்னால் காவலாளி மாதிரி டிராஃபிக் (Traefik), வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய ஆப்புக்கு அனுப்பும் மென்பொருள். வெளியே திறந்திருக்கும் 80, 443 என்ற இரண்டு போர்ட்டும் அதனுடையவைதான். ஆப்களுக்கு எஸ்எஸ்எல், அதாவது எச்டிடிபிஎஸ் மறையாக்கம் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆப்பின் கன்டெய்னர் எழுந்தவுடன் டிராஃபிக் அதன் லேபிள்களை, அதாவது கம்போஸ் கோப்பில் அதற்கு எழுதிய குறிப்புகளைப் படிக்கிறது. எந்த டொமைன், சான்றிதழை வாங்கித்தரும் அமைப்பான ரிசால்வர் எது என்று அங்கேயே எழுதியிருக்கிறேன். உடனே இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டிடம் போய்ச் சான்றிதழ் கேட்கும். "டொமைன் உன்னுடையதுதானா, காட்டு" என்பார்கள். எச்டிடிபி முறையில் அந்தச் சோதனை 80ஆம் போர்ட்டில்தான் வரும். 443 மட்டும் போதுமே என்று ஃபயர்வாலில் 80ஐ மூடிவிட்டு, ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. 80ஐத் திறக்கவே முடியாது என்றால் டிஎல்எஸ்-ஏஎல்பிஎன் முறை இருக்கிறது, அதற்கு 443 போதும். துணை டொமைன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ், அதாவது வைல்ட்கார்டு வேண்டுமா? டொமைனின் டிஎன்எஸ் பதிவில் எழுதிக் காட்டும் டிஎன்எஸ் முறை ஒன்றுதான் வழி.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். வாங்கிய சான்றிதழ்களையும் சாவிகளையும் டிராஃபிக் ஆக்மி ஜேசன் (acme.json) என்ற ஒரே கோப்பில் வைக்கிறது. முதன்முறை அமைத்தபோது அதற்கு வால்யூம், அதாவது கன்டெய்னருக்கு வெளியே நிலைத்திருக்கும் சேமிப்பிடம், கொடுக்க மறந்துவிட்டேன். லேபிளில் ஏதோ திருத்துவேன், கம்போஸ் டவுன், கம்போஸ் அப். டவுன் கொடுத்தால் கன்டெய்னரே அழிந்துவிடும், கோப்பும் கூடவே போய்விடும். அப் கொடுத்தால் புதுச் சான்றிதழ். இப்படியே ஐந்து முறை. ஒரே டொமைன் பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான் லெட்ஸ் என்கிரிப்ட்டின் வரம்பு. ஆறாவது முறை கதவைச் சாத்திவிட்டார்கள். டிராஃபிக் தானே தயாரித்த தற்காலிகச் சான்றிதழை நீட்டியது, பிரவுசர் சிவப்பாக எச்சரித்தது. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அதனால் வால்யூம் வரியை முதலில் எழுதுங்கள். ஆக்மி ஜேசன் கோப்பின் அனுமதி 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடிகிறபடி இருக்கட்டும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் டிராஃபிக் அதைத் தொட மறுக்கும். உள்ளே தனிச்சாவி இருக்கிறதே, மறுக்கத்தானே வேண்டும்!

அப்புறம், லேபிள்களைப் படிக்க டாக்கர் சாக்கெட்டை, அதாவது டாக்கருக்கே கட்டளையிடும் வாசலை, டிராஃபிக்குக்குக் கொடுக்கிறோம் இல்லையா, அது கிட்டத்தட்ட ரூட் அதிகாரம், கணினி முழுவதற்குமான அதிகாரம். எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான். இடையில், தேவையான கோரிக்கைகளை மட்டும் விடும் ஒரு சாக்கெட் ப்ராக்ஸி வைப்பது நல்லது. அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

புதுப்பிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 90 நாள் சான்றிதழ் என்றால், 30 நாள் மிச்சமிருக்கும்போதே டிராஃபிக் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் முன்பு வந்துகொண்டிருந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025இல் நிறுத்திவிட்டது. புதுப்பித்தல் தோற்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு கண்காணிப்பு வைத்துக்கொள்ளுங்கள். 2029 மார்ச் முதல் பொதுச் சான்றிதழ்களின் ஆயுளே அதிகபட்சம் 47 நாள் ஆகிறது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் பழக்கம் அதற்குமேல் ஓடாது.

இப்போது இதை ஓட்டலாம். முதலில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வர், அங்கே வரம்பு தாராளம். பதிவில் பிழை இல்லை. ஸ்டேஜிங் வரியை எடுக்கிறேன், ஆக்மி ஜேசனையும் காலியாக்குகிறேன். அதை விட்டால் பழைய சோதனைச் சான்றிதழையே பிடித்துக்கொண்டிருக்கும். மறுபடி அப். கொஞ்சம் பொறுங்கள்... ஆ, மூன்று தளமும் எச்சரிக்கை இல்லாமல் திறக்கின்றன.