கொண்டெய்னர் தூக்கும் துலா

(காட்சி: கொண்டெய்னரின் மேல்மூலை, மிகக் கிட்டத்தில். ஓட்டைக்குள் ஒரு கை நுழைகிறது.)

வணக்கம். இது எங்கட ஒழுங்கையில கடையா நிக்கிற பழைய கொண்டெய்னர். ஏணி வைச்சு ஏறி நிண்டு காட்டுறன். இந்த ஓட்டையைப் பாருங்கோ. நீளம் 124 மில்லிமீற்றர், அகலம் 63.5. கொழும்பிலயும் இதே அளவு, சிங்கப்பூரிலயும் இதே அளவு. துறைமுகத்தில பெட்டி தூக்கிற பெரிய மெசின் எல்லாம் இந்த நாலு மூலையை நம்பித்தான் நிக்குது.

(காட்சி: ரீச் ஸ்டாக்கர், பக்கவாட்டில்)

இதுக்குப் பெயர் ரீச் ஸ்டாக்கர். முன்னுக்கு நீளுற ஒரு கை, கை நுனியில ஸ்பிரெடர் எண்ட இரும்புச் சட்டம். 20 அடிப் பெட்டிக்குச் சுருங்கும், 40 அடிக்கு விரியும். சட்டத்தின்ர நாலு மூலையிலயும் ட்விஸ்ட்லொக் எண்ட திருகுப் பூட்டு. ஓட்டைக்குள்ள இறங்கி 90 பாகை திரும்பினால் பெட்டி பிறகு கழராது. அந்தரத்தில தொங்கேக்க சாரதி தவறிப் பொத்தானை அமத்தினாலும் பூட்டுத் திறவாது.

சரி, இவ்வளவு பாரத்தைத் தூக்கியும் வண்டி ஏன் முன்னுக்குக் குப்புற விழேல்ல?

கிணத்தில தண்ணி இறைக்கிற துலா மிதிச்ச ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. (எங்கட அப்பப்பா இருந்திருந்தால் இந்த வீடியோவே வேண்டாம்.) முன்சில்லுதான் ஆடுகால், துலாவைத் தாங்கிற கால். பெட்டிதான் தண்ணிப் பட்டை. மற்றப் பக்கம் மிதிக்கிற ஆளுக்குப் பதிலா, வண்டியின்ர பின்பக்கம் இரும்புப் பாரம். வண்டி மட்டும் 70 தொன் அளவு வரும்.

ஆனால் துலா மிதிக்கிறவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து சமன் செய்வார். இந்த இரும்புக்குக் கால் இல்லை. கை நீள நீளப் பெட்டி ஆடுகாலை விட்டுத் தள்ளிப் போகும், பின்பாரம் நிண்ட இடத்திலேயே நிக்கும். அதாலதான் வண்டிக்கு முன்னால கிட்ட இருக்கிற முதல் வரிசைப் பெட்டியில 45 தொன் தூக்கிற வண்டி, ரெண்டாவது வரிசையில 30 தொன்னை ஒட்டித்தான் தூக்கும். மூண்டாவதில 15 அளவு. நிறையச் சாமான் ஏத்தின 20 அடிப் பெட்டி 30 தொன் வரைக்கும் வரும், அதை மூண்டாம் வரிசையில தொடவே ஏலாது.

கொழும்பு மாதிரிப் பெரிய யாட்டில அடுக்கின பெட்டிகளுக்கு மேலால கவடு விரிச்சு நிக்கிற கிறேன்தான் கூட. அதுக்கு இந்தத் தலையிடி குறைவு.

எங்கட வடக்குப் பக்கம் ரீச் ஸ்டாக்கர் ஏன் வாறேல்ல? பெட்டி ஏ9 வீதியால லொறியில வருது, பெரும்பாலும் லொறியில இருக்கவே சாமானை இறக்குவினம். மற்றது நிலம். பாரத்தோட நிக்கேக்க முன்அச்சில மட்டும் 100 தொன்னை ஒட்டி இறங்கும், அதுக்கெண்டு போட்ட தளம் வேணும்.

இந்தக் கடைப் பெட்டியை இறக்க வாடகைக்கு ஒரு சின்னக் கிறேன்தான் வந்தது. அதின்ர முட்டுக்கால் செம்மண்ணில ஒரு முழம் புதைஞ்சு, பலகை தேடி ஒழுங்கை முழுக்க ஓடினம். அண்டைக்குத் தொங்கினது வெறும் பெட்டி, 2.2 தொன் அளவுதான்.