ரீகால் வந்தா பயப்படாதீங்க, சேஸிஸ் நம்பரை எடுங்க

நேயர்களுக்கு வணக்கம். நான் மன்னார்குடி பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். மைக் முன்னாடி பேசிப் பழக்கமில்ல, அதனால பட்டறைல பேசுற மாதிரியே பேசிடுறேன், கோவிச்சுக்காதீங்க.

டிரைவ் ஷாஃப்ட் பார்ட்ல குறை இருக்கு, வண்டியைக் கொண்டாங்கன்னு கம்பெனிலேர்ந்து ரீகால் மெசேஜ், அதான் குறையைச் சரிபண்ண வண்டியைத் திரும்பக் கூப்பிடற மெசேஜ், வந்தா நம்ம பக்கம் ரெண்டு விதமான ஆளைப் பாக்குறேன். ஒருத்தர், ஐயய்யோ வண்டி ஓட்டை வண்டி போலருக்கு, தெரியறதுக்குள்ள யார் தலையிலயாவது கட்டிடலாம்ங்கறார். இன்னொருத்தர், சும்மா கூப்புடுவானுங்க, உள்ள விட்டா பத்தாயிரம் பில்லு போடுவானுங்கன்னு அந்த மெசேஜையே அழிச்சுடறார். ரெண்டு பேருமே தப்பு. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது, வாரண்டி முடிஞ்சிருந்தாலும் கிடையாது. சர்வீஸ் ஆலோசகர் கூடவே வீல் அலைன்மெண்ட், ஏசி கிளீனிங்னு நாலு சேர்த்துவிடப் பார்ப்பார், அது வேற கதை, வேணாம்னு சொல்லிடுங்க.

டிரைவ் ஷாஃப்ட்ங்கறது இன்ஜின் சுத்தை சக்கரத்துக்குக் கொண்டுபோற இரும்புத் தண்டு. நம்ம ஊர்ல ஓடற சின்ன காருங்க பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கற வண்டி, கியர்பாக்ஸ்லேர்ந்து இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு போவும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனைலயும் ஜாயிண்ட், அது மேல கிரீஸ் அடைச்ச ரப்பர் பூட். குட்டியானை, அதான் டாடா ஏஸ், மாதிரி பின்சக்கரம் தள்ற வண்டின்னா அடியில நீளமா புரப்பல்லர் ஷாஃப்ட், அதுல கிராஸ் ஜாயிண்ட். கார்ல ஒரு தண்டு ஒடஞ்சா இன்னொண்ணு இழுத்துட்டுப் போவும்னு நெனப்பீங்க. போவாது. நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒரு பல்சக்கர செட்டு இருக்கு, மடை ஒடஞ்ச பக்கமே தண்ணி பூரா ஓடற மாதிரி அது எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கமே சுத்து பூராவையும் விட்ரும், இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

இதை விட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு, அது நிறைய டிரைவருங்களுக்கே தெரியல. தண்டு ஒடஞ்ச வண்டியை முதல் கியர்ல போட்டு நிறுத்தினாலும் நிக்காது, ஆட்டோமேட்டிக்ல பார்க்கிங்குக்கான பி-ல போட்டாலும் நிக்காது, ஏன்னா வண்டியைப் பிடிச்சு நிறுத்தற லாக் கியர்பாக்ஸ்லதான் இருக்கு, சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் இப்ப தொடர்பே அறுந்துபோச்சே. ஹேண்ட்பிரேக் மட்டும்தான் காப்பாத்தும். நம்மூரு சமவெளி, இங்க எங்க உருளப்போவுதுன்னு கேக்கலாம். மேடு இல்லதான், ஆனா நம்ம ரோடெல்லாம் வயலை விட ஒசந்து கிடக்கு, ஒரு பக்கம் வாய்க்கா, ஒரு பக்கம் ஆறு, தடுப்புச் சுவரும் பாதி இடத்துல கிடையாது. வெண்ணாத்தங்கரையிலயோ பாலத்து இறக்கத்துலயோ ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கப் போறவங்க கொஞ்சம் யோசிங்க.

அமெரிக்காவுல இதே பிரச்சனைதான் வந்துச்சு. 2022-ல ஃபோர்டு கம்பெனி எக்ஸ்ப்ளோரர் வண்டி 2 லட்சத்து 52 ஆயிரத்துக்கு மேல திரும்பக் கூப்பிட்டாங்க, பின் ஆக்சிலைப் பிடிச்சிருக்கற ஒரு போல்ட் ஒடஞ்சா ஷாஃப்ட் கழண்டு நிறுத்தின வண்டி உருள வாய்ப்பு இருக்குன்னு. அதுக்கு அவங்க செஞ்ச வைத்தியம் என்னன்னா போல்ட்டை மாத்தல, சாஃப்ட்வேரை மாத்தி ஹேண்ட்பிரேக் தானா பிடிக்கற மாதிரி பண்ணிட்டாங்க! ஒடையறது ஒடையட்டும், உருளாம இருந்தா போதும்ங்கற கணக்கு. இது என்னய்யா வைத்தியம்னு அந்த நாட்டு பாதுகாப்புத் துறையே விசாரிக்க ஆரம்பிச்சு, 2023-ல மறுபடி ரீகால் போட்டு போல்ட்டையும் புஷ்ஷையும் மாத்த வேண்டியதாயிடுச்சு. அதனாலதான் சொல்றேன், என்ன வேலை பண்ணீங்கன்னு கேட்டு ஜாப் கார்டுல, அதான் சர்வீஸ் சீட்டுல, எழுதி வாங்கிக்கங்க. பாத்தாச்சு சார், ஓகேன்னு வாயால சொன்னா பத்தாது.

ஹோண்டா 2020 டிசம்பர்ல அங்க 4 லட்சத்துக்கு மேல வண்டியைக் கூப்பிட்டது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, ஏன்னா அதுக்குக் காரணம் உப்பு. பனி உருக ரோட்ல உப்பு தூவுற மாநிலங்கள்ல அந்த உப்பு பட்டு ஷாஃப்ட் துரு ஏறி ஒடஞ்சிருக்கு. நமக்கு பனியும் இல்ல, ரோட்ல உப்பும் தூவறதில்ல, ஆனா வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடின்னு கடக்கரை ஓரமா வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு அந்தக் காத்து பத்தாதா, அதுலயும் மீன் ஏத்தற வண்டில உப்புத்தண்ணி சொட்டிட்டே போவும். அவங்க மாசம் ஒருதடவை அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவறது நல்லது.

எல்லாத்தையும் கம்பெனி தலையில போடவும் கூடாது. சம்பா அறுத்தப்புறம் உளுந்து, பயறு செடியை ரோட்ல பரப்பிடறாங்க, மேல ஓட்டிட்டுப் போனா கொடி ஷாஃப்ட்ல சுத்திக்கும், ரப்பர் பூட்டைக் கிழிக்கும், சூடேறி தீ கூட பிடிக்கும். கிழிஞ்ச பூட் வழியா கிரீஸ் வெளிய போய் சேறு உள்ள போனா, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பறப்ப டக் டக் டக்னு சத்தம் வரும். அது தேய்மானம், செலவு உங்களோடது. பூட் கிழிஞ்ச அன்னைக்கே வந்தா சின்ன செலவோட முடியும், சத்தம் வந்தப்புறம் வந்தா ஜாயிண்டே போயிருக்கும். ரீகால்ங்கறது ஃபேக்டரிலயே வந்த குறை, குறிப்பிட்ட தேதிக்குள்ள செஞ்ச வண்டிக்கு மட்டும். 2023 ஜூலைல மாருதி, ஈகோவையும் எஸ்-பிரெஸ்ஸோவையும் சேர்த்து 87,599 வண்டியை ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற டை ராடுக்காகக் கூப்பிட்டாங்களே, அதுவும் அப்படித்தான், 2021 ஜூலைக்கும் 2023 பிப்ரவரிக்கும் நடுவுல வந்த வண்டிங்களுக்கு மட்டும்.

சட்டமும் இருக்கு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல 110ஏ-ன்னு ஒரு பிரிவு, அதுக்கான விதிங்க 2021 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறைல இருக்கு, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டில குறைன்னு போதுமான பேர் புகார் குடுத்தா அரசாங்கமே ரீகால் பண்ணச் சொல்லலாம், கம்பெனிக்கு அபராதம் 10 லட்சத்துலேர்ந்து 1 கோடி வரைக்கும்.

ஆனா நம்ம டெல்டாவுல உண்மையான சிக்கல் வேற. இங்க பாதி கார் செகண்ட் ஹேண்ட். சென்னைலயோ கோயமுத்தூர்லயோ வாங்கியிருப்போம், ஆர்சி பேரு மாத்தியிருக்க மாட்டோம், மாத்தியிருந்தாலும் கம்பெனி கம்ப்யூட்டர்ல பழைய ஓனர் போன் நம்பர்தான், மெசேஜ் அவருக்குப் போய் அவர் எப்பவோ வித்த வண்டிதானேன்னு விட்ருப்பார். அதனால மெசேஜுக்காக உக்காந்திருக்காதீங்க. ஆர்சி புக்ல சேஸிஸ் நம்பர்னு எழுத்தும் எண்ணுமா 17 இருக்கும், கம்பெனி வெப்சைட்ல ரீகால் பக்கத்துல அதைப் போட்டா உங்க வண்டி லிஸ்ட்ல இருக்கா இல்லையான்னு சொல்லிடும். அந்த 17-ல ஐ, ஓ, கியூங்கற இங்கிலீஷ் எழுத்து வராது, வட்டமா இருந்தா சைபர், ஒத்தக் கோடா இருந்தா ஒண்ணு, இதைத் தப்பா அடிச்சுட்டு என் வண்டி லிஸ்ட்ல இல்லன்னு நிம்மதியா இருக்கறவங்க உண்டு. நெட் வரலன்னா பக்கத்து டீலருக்குப் போன் பண்ணி நம்பரைப் படிச்சுக் காட்டுங்க, அப்படியே உங்க போன் நம்பரையும் மாத்தச் சொல்லிடுங்க.

தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ ஒரு நாள் வேலையை விட்டுட்டுப் போவணுமேன்னு யோசிக்கறது புரியுது, அதனால போன்லயே பார்ட்ஸ் வந்துருச்சான்னு கேட்டுட்டுக் கெளம்புங்க. வரலன்னு சொன்னா பேரைப் பதிஞ்சு வெச்சுட்டு, அதுவரைக்கும் இந்த வண்டியை ஓட்டலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை தெளிவா கேட்டுக்கங்க, சில ரீகால்ல சரிபண்ற வரைக்கும் எடுக்கவே வேணாம்னுதான் சொல்லுவாங்க. நன்றி, வணக்கம்.