மலையை உடைக்கப் பணம் கொடுப்பது யார்?

நண்பர்களே, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றிப் பேச்சு வந்தாலே போர் எதிர்ப்பு, அடிமை ஒழிப்பு என்று இரண்டோடு முடித்துவிடுகிறோம். மண்ணுக்காக அவர்கள் செய்ததை யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய நம்பிக்கையின் முழு வலுவும் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹோலி என்ற ஊரில் ஜான் வுல்மன் என்று ஒரு குவேக்கர் இருந்தார், 1720-இல் பிறந்தவர். கடை வைத்தார், வியாபாரம் நன்றாகப் பெருகியது, பெருகப் பெருக அதுவே மனசை உறுத்த, கடையை விட்டுவிட்டுத் தையலும் பழத்தோட்டமும் போதும் என்று இருந்துகொண்டார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தொட மாட்டார். 1772-இல் இங்கிலாந்து போனபோது, அங்கே தபால் வண்டிக் குதிரைகளை வேகத்துக்காக விரட்டியே சாகடிக்கிறார்கள், ஓட்டும் சிறுவர்கள் குளிரில் விறைத்துப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர் ஊராக நடந்தே போனார். அந்த வருடமே யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார்.

பூமியின் விளைச்சல் படைத்தவன் தந்த கொடை, வெளிப்பகட்டுக்காக இன்று பூமியை வறளச் செய்வது பின்னால் வரும் தலைமுறைக்கு இழைக்கும் தீங்கு என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். புவி வெப்பமாதல் என்ற பேச்சே இல்லாத காலம் அது! நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் கஷ்டப்படுவது யார் என்று தேடிக்கொண்டே போனவருக்கு அந்தத் தேடல் கடைசியில் மண்ணில் வந்து நின்றது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக்காக மலையுச்சியையே வெடிவைத்துத் தகர்த்து, கல்லையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள், கீழே ஓடும் ஓடைகள் அப்படியே புதைந்துபோகின்றன. அந்த நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்த வங்கிகளில் ஒன்று பிஎன்சி. அதோடு இணைந்த பழைய வங்கிகளில் ஒன்றைத் தொடங்கியவர்களே குவேக்கர்கள்தான், அதில் கணக்கு வைத்திருந்த குவேக்கர்களும் உண்டு. வலிக்கிற இடம் இதுதான் இல்லையா? எங்கோ இருக்கும் முதலாளியைத் திட்டுவது சுலபம், நம் பணமே அந்த வெடிமருந்துக்குப் போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வோம்?

பிலடெல்பியாவில் ‘எர்த் குவேக்கர் ஆக்‌ஷன் டீம்’ என்ற சிறு குழு கிளம்பியது. வங்கிக் கிளைக்குள் போய் உட்கார்ந்து, தங்கள் வழிபாட்டுக் கூட்டத்தில் எப்படி மௌனமாக இருப்பார்களோ அப்படியே இருந்தார்கள். கோஷம் போடும் கூட்டத்தைச் சமாளிக்க வங்கிக்காரருக்குத் தெரியும், கண்ணை மூடி வழிபடுகிறவர்களை என்ன செய்வது? அந்த வங்கியில் இருந்த தங்கள் கணக்குகளை மூடினார்கள். 2012-இல் பிட்ஸ்பர்க்கில் உள்ள தலைமையகத்தை நோக்கிப் பென்சில்வேனியாவின் குறுக்கே சுமார் 320 கிலோமீட்டர் நடந்தார்கள், வுல்மன் நடந்த மாதிரியே. 2015-இல் வங்கி இறங்கிவந்து, அந்த நிறுவனங்களுக்கு நிதி தருவதிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

அப்புறம் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றான வான்கார்டிடம் நம் பணம் எதற்குப் போகிறது என்ற அதே கேள்வியை 2022-இலிருந்து கேட்கிறார்கள். அங்கே இருப்பது லட்சக்கணக்கான சாதாரண மக்களின் ஓய்வூதியச் சேமிப்பு, கேட்கிறவர்கள் சிலருடையதும் அதில் இருக்கிறது.