முடிவு அவளுடையது: ஒரு பட்டிமன்ற உரை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மேகம் கறுத்துக்கொண்டு வந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"கருவைச் சுமப்பதா, கலைப்பதா: முடிவு சொல்ல வேண்டியது சட்டமா, பெண்ணா?" இதுதான் தலைப்பு. பெண்ணே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார். கரு ஓர் உயிர், வாயில்லாத அந்த உயிருக்காகச் சட்டம்தான் பேச வேண்டும் என்றார். பெண்ணிடம் விட்டுவிட்டால் பெண் சிசுக்கள் அழிந்துபோகும் என்றார். நம் நாட்டுச் சட்டம் ஏற்கெனவே தாராளமானது, இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்றார். அவர் கடைசியில் சொன்னதிலிருந்தே நான் ஆரம்பிக்கிறேன்.

தாராளமான சட்டமா? 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 312 என்று ஒரு பிரிவு. கருவைக் கலைத்தால் மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருடம் வரை. அதற்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவில் அடக்கம். சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது, பாரதிய நியாய சன்ஹிதா என்று. அதில் 88-வது பிரிவைப் பாருங்கள். அதே தண்டனை, அதே விளக்கம். பேர் மாறியது, எண் மாறியது, அந்த வரி மட்டும் 164 வருடம் கழித்தும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இடையில் 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்ததே என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. வந்தது, அதனால் எத்தனையோ பெண்கள் பிழைத்தார்கள். திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய்ப் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் குழு போட்டார்கள். அதன் அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சட்டம். அதற்கு நன்றி சொல்லிவிட்டே மேலே போகிறேன். ஆனால் எடுத்துப் படியுங்கள். பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. இன்னின்ன சூழ்நிலையில் கருவைக் கலைத்த பதிவு பெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் இருக்கிறது. சட்டம் காப்பாற்ற நினைத்தது முதலில் மருத்துவரை. 2021-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் சம்மதித்தால் போதும். 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் சம்மதித்தால். அதற்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும். ஆக, முதல் வாரத்தில்கூட முடிவு அவளுடையது இல்லை. அவள் காரணம் சொல்ல வேண்டும், வேறொருவர் அதை நம்ப வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இங்கே இருக்கும் பெண்கள் காதில் இது விழ வேண்டும். 18 வயது நிறைந்த, மனநிலை சரியாக இருக்கிற பெண் கருவைக் கலைக்க அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்கிறது இதே சட்டம். கணவன் கையெழுத்து என்ற பேச்சே அதில் இல்லை. என்னைக் கேட்காமல் என் மனைவி கலைத்துவிட்டாள், நஷ்டஈடு கொடு என்று ஒரு கணவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2017-ல் அதைத் தள்ளுபடி செய்தார்கள். அப்படியிருந்தும் எத்தனை மருத்துவமனைகளில் "வீட்டுக்காரர் வரலையாம்மா? அவர் கையெழுத்து வேணுமே" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்! சட்டமே கேட்காத கையெழுத்தை ஊர் கேட்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் கையெழுத்தோடு நிற்பதில்லை. தாலி எங்கே என்று கண் கழுத்துக்குப் போகும்.

அப்படி ஒரு பெண் டெல்லியில் இருந்தார். வயது 25. காதலித்தவர் கைவிட்டுவிட்டார், கரு 20 வாரத்தைத் தாண்டிவிட்டது. கணவனை இழந்தவருக்கும் விவாகரத்தானவருக்கும் 24 வாரம் வரை இடமுண்டு, சம்மதத்தோடு உறவு வைத்துக்கொண்ட கல்யாணமாகாத பெண்ணுக்கு விதியில் இடமில்லை என்று உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கல்யாணமானவர், ஆகாதவர் என்று பெண்களைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. கணவனே வல்லுறவு செய்து உண்டான கருவானாலும் இந்தச் சட்டத்தின்படி கலைக்கலாம் என்றும் சொன்னது. எவ்வளவு பெரிய தீர்ப்பு! ஆனாலும் என் மனசு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வாரமும் வயிறு வளர்ந்துகொண்டிருக்கும்போது, வழக்கு எண் வாங்கி, தேதி வாங்கி, முன்பின் தெரியாத நீதிபதிகள் முன்னால் தன் படுக்கையறையைத் திறந்து காட்டித்தான் அவர் அதை வாங்க வேண்டியிருந்தது.

இப்போது உயிர் என்ற கேள்விக்கு வருகிறேன். இதை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். எதிரணித் தலைவர் புறநானூற்றைக் காட்டினார். "மாணிழை மகளிர் கருச்சிதைத் தோர்க்கும்" என்று ஆலத்தூர் கிழார் பாடியிருக்கிறார், கருச்சிதைவு பெரும்பாவம் என்பது தமிழர் அறம் என்றார். ஐயா, பாட்டை முழுசாகப் பார்ப்போம். பெண்களுடைய கருவைச் சிதைத்தவர்களைப் பற்றி அது பேசுகிறது. இன்னொருவர் மேல் செய்த கொடுமை அது. கருவைச் சுமந்த பெண்ணை அந்தப் பாட்டு குற்றவாளியாக நிறுத்தவில்லை. அதோடு, அந்தப் பாவத்துக்கும் கழுவாய், அதாவது பரிகாரம், உண்டு, நன்றி மறந்தவனுக்குத்தான் இல்லை என்று சொல்கிறது. நான் அந்தப் புலவர் பக்கம்தான் நிற்கிறேன். ஒருத்தியின் கருவை அவள் விருப்பத்துக்கு மாறாக யார் சிதைத்தாலும் அது கொடுமை. அவள் விருப்பத்துக்கு மாறாக அதைச் சுமக்க வைப்பதும் அவள் உடம்பின் மேல் செய்கிற கொடுமைதான்.

கருவுக்கு மதிப்பே இல்லை என்று எங்கள் அணி சொல்லவில்லை. வாரம் கூடக் கூட அந்த மதிப்பும் கூடுகிறது என்பதை நானும் உணர்கிறேன். 2023 அக்டோபரில் ஒரு வழக்கு. இரண்டு குழந்தைகளின் தாய். பிரசவத்துக்குப் பிறகான மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. கரு தரித்ததே தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் ஆகிவிட்டது. அக்டோபர் 9-ல் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 11-ம் தேதி அதே இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 16-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்ந்து முடியாது என்றுவிட்டார்கள். 26 வாரத்துக்கு மேலான அந்தக் கரு வெளியே வந்தாலும் பிழைக்கக்கூடியது. அங்கே எனக்கும் மனசு கனக்கிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தை அந்தத் தாயின் இடத்தில் இருந்து பாருங்கள். சரி என்றார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள், கடைசியில் இல்லை என்றார்கள். இது அறமா, நடுவர் அவர்களே? கடைசி வாரங்களில் வரும் அபூர்வமான சிக்கலைக் காட்டி, ஆறாம் வாரத்தில் வந்து நிற்கிற பெண்ணையும் சந்தேகத்தோடு பார்க்கிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இறுக்கமான சட்டம் உயிரைக் காக்கும் என்றார்கள். அயர்லாந்து அப்படித்தான் நம்பியது. 1983-ல் அரசியலமைப்பையே திருத்தி, கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்று எழுதி வைத்தார்கள். 2012 அக்டோபரில் கால்வே நகரத்து மருத்துவமனையில் சவிதா ஹாலப்பனவர் சேர்ந்தார். நம் கர்நாடகத்துப் பெலகாவியிலிருந்து போன பல் மருத்துவர், வயது 31. 17 வாரக் கரு, பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்களுக்கே தெரியும். கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, செய்ய முடியாது என்றார்கள். நஞ்சு ரத்தத்தில் ஏறி அவரும் இறந்தார். எந்த உயிரை அந்தச் சட்டம் காத்தது? கத்தோலிக்க நம்பிக்கை ஊறிய அந்த நாட்டு மக்களே 2018 மே மாதம் வாக்களித்து, 66 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு, அந்தத் திருத்தத்தைத் தூக்கிவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் இலங்கையில் இன்னும் 1883-ம் வருடத்துத் தண்டனைச் சட்டம்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கலைக்கலாம். வல்லுறவுக்கு ஆளான பெண்ணுக்கும் விலக்கு கிடையாது.

பெண் சிசு விஷயம். உசிலம்பட்டியையும் சேலத்தையும் எதிரணி நினைவூட்டியது. மறக்கக்கூடிய ஊர்களா அவை? 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைக்கு நாம் வந்தோம். ஆனால் அந்தக் குழந்தைகளை வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? அவர்களைப் பெற்ற தாய் சுதந்திரமாக உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவா அது? மாமியாரும் கணவனும் வரதட்சணைக் கணக்கும் சேர்ந்து எடுத்த முடிவு. இதை நான் சொல்லவில்லை, சட்டமே சொல்கிறது. பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஒரு கர்ப்பிணி அந்தச் சோதனைக்கு உட்பட்டால் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. எதிரணி நண்பர்களே, பெண் சிசுக்கள் அழிந்தது முடிவு பெண்ணின் கையில் இருந்ததால் அல்ல. அது அவள் கையில் இல்லாததால்தான்.

கருத்தடைக்கு வருவோம், ஏனென்றால் கருக்கலைப்புக்கு முந்தைய படி அதுதான். 1935 கடைசியில், அமெரிக்காவில் கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனம் வேண்டாம், புலனடக்கம் போதும் என்றார் காந்தி. அதே காலத்தில் இங்கே பெரியார் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நாங்கள் பெண் விடுதலைக்காக வேண்டும் என்கிறோம் என்றார். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசுகள் கருத்தடையை எடுத்துக்கொண்டன, விடுதலையை விட்டுவிட்டன. சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள். "நாம் இருவர் நமக்கு இருவர்" என்றார்கள். அவசரநிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் அறுவை செய்தார்கள். ஆண்கள் கோபப்பட்டார்கள், 1977-ல் ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கப்புறம் கத்தி முழுக்கப் பெண்கள் பக்கம் திரும்பியது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள். கணவனோடு வாழும் பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்யும் வாசெக்டமி சின்ன அறுவை, வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இருந்தும் 0.3. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். இந்த முகாம்களையே நிறுத்துங்கள் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. குழந்தை பெறாமல் இருக்க உடம்பைக் கொடுப்பது அவள், பெறுவதற்கும் உடம்பைக் கொடுப்பது அவள், முடிவு சொல்ல மட்டும் அவளுக்குத் தகுதி இல்லையாம்!

நம் தமிழ்நாட்டையே பாருங்கள். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் மருந்துக்கடையில் போய்க் கேளுங்கள். பல கடைகளில் அது இருக்காது, கேட்ட பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதுதான் நடக்கும். அந்த மாத்திரை கருவைக் கலைப்பதே இல்லை, கரு உண்டாகாமல் தடுப்பது. அதைக் கிடைக்காமல் செய்துவிட்டு, பிறகு கருக்கலைப்பு பாவம் என்று மேடை போட்டுப் பேசுவது என்ன நியாயம்?

கதவை மூடினால் பெண்கள் நின்றுவிடுவதும் இல்லை. 2015-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டது. இத்தனை பெண்கள் சட்டத்தைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லது. ரத்தம் நிற்காமல் போகிற அந்த ஒருத்தி மருத்துவமனை வாசலில் என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, வழுக்கி விழுந்துவிட்டேன் என்பாள். மருத்துவரும் அதை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பார். அந்தப் பொய்யை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம் காப்பாற்றி வைத்திருக்கிற சட்டம்.

மணி அடித்துவிட்டார் நடுவர், முடித்துவிடுகிறேன். எனக்கு அடுத்து எதிரணியின் கடைசிப் பேச்சாளர் வருகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 88-வது பிரிவில், தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்று இருக்கிறதே, அந்த விளக்கம் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? இருக்க வேண்டும் என்றால் அந்த ஆய்வு எண்ணிய பெண்களில் யாரைச் சிறையில் போடுவது என்று சொல்லட்டும். போக வேண்டும் என்றால் என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காரட்டும். வணக்கம்.