கல்தூசியை விழுங்கும் செல்கள்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளைக் கடந்து போயிருப்பீர்கள். கல் அறுக்கும்போது வெள்ளையாகத் தூசி கிளம்புமே, அதில் பெரிய துகள்கள் மூக்கு, தொண்டையிலேயே சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். எனக்குக் கவலை கண்ணுக்கே தெரியாத தூசிதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 5 பங்குக்கும் சிறிய துகள், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே காவல் இருப்பவை மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்கள்.

விழுங்கும் செல்களின் வேலையைப் புரிய வைத்தவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர். 1882இல் இத்தாலியின் மெசினாவில் இருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கக் கிளம்பிவிட, இவர் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே செல்கள் ஊர்வது தெரியும். இவை உடம்பைக் காக்கத்தான் ஊர்கின்றனவோ என்று தோன்றியது. தோட்டத்து ரோஜா முள்ளை எடுத்துக் குஞ்சின் தோலுக்கடியில் செருகினார். அன்று ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன! 1908இல் நோபல் பரிசு பெற்றார், பால் எர்லிக் என்ற ஜெர்மன் அறிஞரோடு சேர்ந்து.

இந்தச் செல்லுக்குக் காலில்லை. ஆக்டின் என்ற புரத இழைகள் முன்பக்கம் வளர்ந்து சவ்வைத் தள்ளும். அது நீண்டு பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுருங்கி வரும். துகளைத் தொட்டதும் சவ்வு சுற்றிலும் எழும்பி மூடிக்கொள்ளும். துகள் உள்ளே ஒரு பைக்குள் போய்விடும். அதில் செரிமான நொதிகள் வந்து சேரும். பெரும்பாலான கிருமிகள் அதோடு சரி.

ஆனால் கல் செரிக்காது, நேயர்களே. கல்தூசியில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத்தின் துகள் அந்தப் பையையே கிழிக்கும், நொதி கசியும், செல் சாகும். துகள் அப்படியே வெளியே வரும். இன்னொரு செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். திரும்பத் திரும்ப இதே கதை. அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகுவதுதான் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய். இந்த நோய் வந்தவர்களைக் காசநோயும் எளிதில் பிடிக்கும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் விட்டே கல் அறுக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது, என்-95 போன்ற முகக்கவசம் வேண்டும். இருமல் என்று டாக்டரிடம் போனால், கல்வேலை செய்கிறேன், இத்தனை வருடமாகச் செய்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வணக்கம்.