தாய் இறாலுக்கு என்ன சாப்பாடு?

நேயர்களுக்கு வணக்கம். மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் இறால் குஞ்சு பொரிப்பகங்களைப் பார்த்திருப்பீர்கள். பண்ணைக் குளத்தில் விடும் குஞ்சு அங்கிருந்துதான் வருகிறது. குளத்துக்கு என்ன தீவனம் என்று நாம் நிறையப் பேசுகிறோம். அந்தக் குஞ்சைப் பெற்ற தாய் இறால் என்ன தின்றது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

காரணம் இதுதான். முட்டை பொரித்ததும் வெளியே வரும் முதல்நிலைக் குஞ்சுக்கு நாப்ளி என்று பெயர். அது எதையும் தின்னாது. ஒன்றரை, இரண்டு நாள் வரைக்கும் தாய் கொடுத்தனுப்பிய மஞ்சள் கருதான் அதற்கு ஆகாரம். அதன் பிறகுதான் பாசி தின்னத் தொடங்கும். ஆகவே நாப்ளிக்கு வேண்டிய வைட்டமின் முட்டையிடும் முன்பே முட்டைக்குள் போயிருக்க வேண்டும். தாய்க்குக் கொடுத்தால்தான் குஞ்சுக்குப் போகும்.

வைட்டமின் ஈ-யை எடுத்துக்கொள்வோம். இறால் முட்டையில் ஒமேகா-3 கொழுப்பு சேர்கிறது. அது சீக்கிரம் கெடும் கொழுப்பு. பழைய நல்லெண்ணெயில் சிக்கு வாடை அடிக்குமே, அப்படித்தான். அதைக் கெடாமல் காப்பது வைட்டமின் ஈ.

ஒரு பொரிப்பகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முட்டைக்குக் குறைவில்லை, நாப்ளிதான் சோர்ந்து கிடந்தது. தொட்டிமேல் விளக்கைப் பிடித்தால் நல்ல நாப்ளி வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறி வரும். அங்கே பாதிக்கு மேல் அடியிலேயே கிடந்தது. தண்ணீரில்தான் கோளாறு என்று வடிகட்டியை மாற்றினார்கள், உப்பின் அளவைப் பார்த்தார்கள். நான் உறைபெட்டியைத் திறக்கச் சொன்னேன். மாதக்கணக்கில் கிடந்த கணவாய், ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, முகர்ந்தால் அதே சிக்கு வாடை! கெட்ட கொழுப்பைத் தின்றால் தாயின் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈ-யும் அதைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் புதுக் கணவாய், மட்டி, வைட்டமின் ஈ கலந்த ஈரத் தீவனம் என்று மாற்றினார்கள். கொஞ்ச நாளில் நாப்ளி விளக்குக்கு ஏறி வந்தது. புதுக் கணவாய் எவ்வளவு, வைட்டமின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடல் புழுவும் தாய் இறாலுக்கு அருமையான ஆகாரம். ஆனால் அதோடு வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமியும் வந்துவிடலாம். அந்தப் பயத்தில் புழுவைக் குறைப்பவர்கள், அதற்கு ஈடாகத் தயாரித்த தீவனத்தில் வைட்டமினைக் கவனித்துச் சேர்க்க வேண்டும்.

வைட்டமின் சி இன்னும் தொல்லை. தீவனம் தயாரிக்கும் சூட்டில் பாதி போகும், தண்ணீரில் கரைந்து மீதி போகும். இறாலோ கொறித்துக் கொறித்துத் தின்னும் பிராணி. அதனால் பாஸ்பேட்டோடு பிணைத்த, எளிதில் சிதையாத வகையைத்தான் வாங்க வேண்டும். ஜப்பானில் 'குருமா' என்ற இறால் இனத்தை வைத்துச் செய்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. ஏ, ஈ, சி மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சினைப்பை வளர்ச்சி பின்தங்கியது என்று அதில் கண்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், தாய்க்குக் கொடுத்தால்தான் குஞ்சுக்குப் போகும்.

ஆண் இறாலைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். நாள்பட அடைத்து வைத்த ஆணின் விந்துப் பை கறுத்துப்போவது உண்டு, அதற்குக் காரணங்கள் பல. ஆணுக்கு மிச்சம் மீதியைப் போடாமல் தாய்க்குக் கொடுக்கும் அதே தீவனத்தைக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.